அந்தோணியார் மாடும் அந்தோணியார் பன்றியும்

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு ஜனவரி 17 வந்துவிடும். கத்தோலிக்க நாள்காட்டியில் அது வனத்து அந்தோணியார் திருநாள். திண்டுக்கல் பக்கம் அவரைப் பெரிய அந்தோணியார் என்றும் சொல்வார்கள். மூன்று நாள் கழித்து, 20-ம் தேதி, செபஸ்தியார் திருநாள். தவசிமடை, கொசவபட்டி, உலகம்பட்டி, புகையிலைப்பட்டி என்று திண்டுக்கல் சமவெளியில் தை, மாசி மாதங்களில் நடக்கும் ஜல்லிக்கட்டுகளில் பல, அந்தோணியார் பெயராலோ செபஸ்தியார் பெயராலோ நடப்பவை. பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு வாடிவாசல் திறக்கும். முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் அணைய மாட்டார்கள். அதன் பிறகுதான் மற்ற மாடுகள்.

இதே நாட்களில் ஸ்பெயினின் ஆவிலா மாகாணத்தில் சான் பர்த்தொலொமே தெ பினாரெஸ் என்ற சிற்றூர் தெருவெங்கும் சுள்ளிகளைக் குவித்துத் தீ மூட்டுகிறது. 16-ம் தேதி இரவு, அந்த நெருப்பின் ஊடே குதிரைகளை ஓட்டிச் செல்கிறார்கள். கால்நடைக்கு நோய் அண்டாது என்பது நம்பிக்கை. மறுநாள் ரோமில் மாடு, குதிரை, கோழி, நாய் என்று எல்லாவற்றையும் மந்திரிக்கக் கொண்டு வருகிறார்கள். மயோர்க்கா தீவில் அதே நாளை ஒட்டிப் பேய் வேடமிட்டுத் தெருவில் ஆடுகிறார்கள். எல்லாம் ஒரே புனிதருக்காக. எகிப்துப் பாலைவனத்தில் 3-ம், 4-ம் நூற்றாண்டுகளில் தவம் செய்த ஒரு துறவி, ஐரோப்பிய இடைக்காலத்தில் கால்நடைகளின் காவலர் ஆனார். பிறகு கடல் கடந்து வந்து சாணார்பட்டி, நத்தம் வட்டார மாடுகளுக்கும் காவலர் ஆனார்.

இரு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டிய கதை இது. ஆனால் நாடு கடந்த பள்ளிக்கூட்டுறவு என்று பேசும்போது நம் கல்வியாளர்கள் மனத்தில் எழும் சித்திரம் வேறு. அயல்நாட்டு மாணவர் குழு வரும், வாசலில் கோலம் போட்டு மாலை அணிவிப்பார்கள், கரகமோ பரதமோ நடக்கும், படம் எடுத்துக்கொண்டு கலைவார்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் மற்றவரைப் பற்றி ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். திண்டுக்கல் சமவெளியின் பள்ளிகள் இதைவிட மிகப் பெரிய காரியம் ஒன்றைச் செய்யும் இடத்தில் இருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். இடைக்காலப் பண்பாட்டை ஆராய ஐரோப்பியப் பள்ளிகள் வேடமும் மேடையும் தேட வேண்டியிருக்கிறது. இங்கே அது இன்னும் ஆண்டு வழக்கமாக நடக்கிறது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம்தான் நம் வகுப்பறைக்கு வரவில்லை.

ஐரோப்பாவில் பள்ளிக்கூட்டுறவுக்கு ஒரு முறையான ஏற்பாடு இருக்கிறது. 17-ம் நூற்றாண்டின் செக் கல்வியாளர் கொமேனியுஸ் பெயரில் 1995 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பள்ளிகளை இணைக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. அது 2014-ல் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்குள் அடங்கியது. 2005-ல் தொடங்கிய இ-ட்வின்னிங், பயணச் செலவு இல்லாமல் இணையவழியில் வகுப்பறைகளைச் சேர்த்தது. இடைக்காலம் இத்தகைய கூட்டுறவுகளுக்கு இயல்பாக வாய்க்கும் பொருள். அங்கே பல ஊர்களில் ஒரு கோட்டையோ, ஒரு பழைய தேவாலயமோ, ஒரு பழைய சந்தைத் திடலோ இருக்கும். எனவே மாணவர்கள் இடைக்காலச் சந்தை நடத்துகிறார்கள், அக்காலத்து உணவைச் சமைக்கிறார்கள், ஆடை தைக்கிறார்கள். பிரான்சின் பர்கண்டியில் கெதலோன் என்னுமிடத்தில் 1997 முதல் 13-ம் நூற்றாண்டு முறைப்படியே, இயந்திரம் இல்லாமல், புதிதாக ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சுண்ணாம்புக் கலவையும் கல் உடைப்பும் கற்கிறார்கள். ஸ்வீடனின் விஸ்பி நகரில் 1984 முதல் இடைக்கால வாரம் கொண்டாடுகிறார்கள்.

இவை எல்லாம் மறுபடி உண்டாக்கியவை. இங்கிலாந்தின் யோர்க் நகரில் தொழிற்குழுக்கள் ஆளுக்கொரு வண்டியில் மேடை கட்டி, உலகத் தோற்றம் முதல் இறுதித் தீர்ப்பு வரை தெருத்தெருவாக நடித்துக் காட்டிய நாடகங்கள், மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 1569-ல் நின்றுபோயின. மறுபடி மேடையேறியது 1951-ல். இடையில் ஏறத்தாழ நாலு நூற்றாண்டு இடைவெளி. அந்த இடைவெளியால் ஒரு நன்மையும் விளைந்தது. எது எப்படி நடந்தது என்று ஏடுகளைப் புரட்டித் தேடும் கட்டாயம் அவர்களுக்கு வந்தது. அந்தத் தேடல் பள்ளிப் பாடமாகவும் ஆனது.

நம் பக்கம் வழக்கம் அறுபடவில்லை. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் வியாகுல மாதா கோயில் பாஸ்கா இன்றும் ஊர்த் திருவிழா. கிறிஸ்துவின் பாடுகளின் காட்சிகளைச் சுரூபங்களும் மனிதர்களுமாக இரவெல்லாம் நடத்திக் காட்டும் இந்தக் கலை, சேசு சபையார் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, நம் தெருக்கூத்தின் நடையையும் மெட்டையும் எடுத்துக்கொண்டது. மகனை இழந்த தாயாக மரியாளைப் பாடும் மரபு ஐரோப்பாவில் 13-ம் நூற்றாண்டில் ஓங்கியது. நம் ஊரில் அது ஒப்பாரியின் குரலைப் பெற்றது. ஒரு யோர்க் மாணவியும் ஒரு மேட்டுப்பட்டி மாணவியும் உட்கார்ந்து பேசினால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: இந்த வேடத்தை எந்த வீட்டார் கட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? யோர்க்கில் ஆணி செய்பவர் குழு சிலுவைக் காட்சியை எடுத்துக்கொண்டது. நம் ஊரில் தலைமுறை உரிமையா, நேர்ச்சையா, ஊர்ப் பெரியவர்கள் சொல்லா? பாட்டியிடமும் உபதேசியாரிடமும் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மறுபடி அந்தோணியாருக்கே வருகிறேன். கூட்டுறவில் என்னென்ன கிடைக்கும் என்பதை அவர் கதையைப் போலக் காட்ட வேறொன்று இல்லை. 11-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தொஃபினே பகுதியில் அவர் பெயரால் ஒரு மருத்துவச் சபை தோன்றியது. அந்தக் காலத்தில் ஏழைகள் உண்ட ரை தானியத்தில் ஒரு பூஞ்சை படியும். அந்த ரொட்டியைத் தின்றவர்களின் கைகால் விரல்கள் எரிந்து கருகி விழும். அந்நோய்க்கு மக்கள் அந்தோணியார் நெருப்பு என்று பெயர் வைத்தார்கள். சபையார் நோயாளிகளைச் சேர்த்து நல்ல ரொட்டி கொடுத்தார்கள், பன்றிக் கொழுப்பில் செய்த களிம்பு பூசினார்கள். அதற்காகப் பன்றி வளர்த்தார்கள். நகரத் தெருவில் பன்றி திரியக் கூடாது என்று தடை போட்ட ஊர்களிலும், கழுத்தில் மணி கட்டிய அந்தோணியார் பன்றிக்கு மட்டும் விலக்கு இருந்தது. அது எந்த வாசலில் நின்றாலும் தீனி போடுவார்கள்.

இதைப் படிக்கும் நம் கிராமத்துப் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. நேர்ந்துவிட்ட கோயில் காளை எவர் கொல்லையில் மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு மேளத்தோடு அடக்கம் செய்வதையும் பார்த்திருக்கும். ஒரு விலங்கைத் தெய்வத்துக்கு ஒப்படைத்து, அதற்கு ஊரையே வீடாக்கும் வழக்கம் இரண்டு கண்டங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நம்முடையது அந்தோணியார் வருமுன்பே இருந்தது. அவர் வந்து அதில் சேர்ந்துகொண்டார். எது வந்தது, எது இருந்தது, இரண்டும் எப்படிக் கலந்தன என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் தன் ஊரை வைத்தே சிந்திக்க முடியும். பாடநூலில் பண்பாட்டுக் கலப்பு என்று ஒரு வரியில் முடிவது இங்கே ஒரு பருவ வேலை.

பிரான்சின் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய பலிபீட ஓவியம் இருக்கிறது. இசென்ஹைம் என்ற ஊரில் அந்தோணியார் சபையார் நடத்திய மருத்துவமனைக்காக, 1512-க்கும் 1516-க்கும் இடையில் கிரூனெவால்ட் வரைந்தது. நடுவில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து. உடலெங்கும் கொப்புளங்கள், பசுமை படர்ந்த தோல். நோயாளி பார்த்துத் தன் நோயை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்றே அப்படி வரைந்திருக்கிறார் என்பார்கள். இரு பக்கத்திலும் ஆளுக்கொரு பலகையில் நிற்பவர்கள் யார்? ஒரு பக்கம் செபஸ்தியார், மறு பக்கம் அந்தோணியார். நம் வாடிவாசல்களின் அதே இரண்டு பேர். செபஸ்தியார் கொள்ளைநோய்க் காவலர். அம்பு பாய்ந்தும் சாகாதவர் என்பதால், வானிலிருந்து பாயும் அம்பாக நோயை எண்ணிய மக்கள் அவரிடம் ஓடினார்கள். 7-ம் நூற்றாண்டில் இத்தாலியின் பவியாவில் கொள்ளைநோய் அவரை வேண்டியபின் அடங்கியதாகப் பழைய வரலாறு சொல்கிறது. 1348-ல் பெரும் கொள்ளைநோய் வந்தபின் அவர் உருவம் இல்லாத ஊர் அரிது என்றாயிற்று.

திண்டுக்கல் நகரத்து முத்தழகுபட்டியில் செபஸ்தியார் திருவிழா ஆகஸ்டு தொடக்கத்தில் வருகிறது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று காணிக்கை கொண்டுவந்து குவிப்பார்கள். எல்லாம் ஒரே சமையலுக்குப் போகும். வரிசை வரிசையாக அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாக ஆக்கி, இரவு விடிய விடிய வந்தவர்க்கெல்லாம் அசனம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று வேறுபாடு பாராமல் உட்கார்ந்து உண்பார்கள், தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள். திருநாள் ஜனவரியில் இருக்க, ஊர் ஏன் ஆடியில் கூடுகிறது? இது ஒரு மாணவருக்குத் தர வேண்டிய அருமையான கேள்வி. அம்மை போடும் காலத்தில் கோட்டை மாரியம்மனிடம் போகும் அதே நகரம், கொள்ளைநோய்க்குச் செபஸ்தியாரிடமும் போனதா? மலைக்கோட்டை அடிவாரத்து மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழாவையும் முத்தழகுபட்டி அசனத்தையும் ஒரே நோட்டில் எழுதும் மாணவர், நோயைப் பற்றிய மனித அச்சத்தின் வரலாற்றையே எழுதத் தொடங்கியவர் ஆவார்.

கிறிஸ்தவ வழக்கங்களையே நான் இவ்வளவு பேசக் காரணம், ஐரோப்பியப் பள்ளியோடு பேச அவை உடனே கிடைக்கும் பாலம் என்பதுதான். சமவெளியின் இடைக்காலச் செல்வம் அதோடு நிற்கவில்லை. நகரிலிருந்து கரூர் சாலையில் சிறிது தூரத்தில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில், விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்று. அங்குள்ள மன்மதன், ரதி, உலகளந்த பெருமாள், இரணிய வதத் தூண்களை ஒரு முறை நின்று பார்த்தவர், ஐரோப்பியத் தேவாலயத் தூண்களின் முன் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகிறது. ஸ்பெயினின் சந்தியாகு யாத்திரைப் பாதை 12-ம் நூற்றாண்டில் வழிகாட்டி நூல் எழுதும் அளவுக்குப் புகழ்பெற்று, பின்னர் மங்கி, 1980-களில்தான் மறுபடி உயிர் பெற்றது. அங்கே இன்று பலரும் போய்ச் சேர்ந்ததும் விமானத்தில் வீடு திரும்புகிறார்கள். நகரத்தார் வந்த வழியே நடந்து திரும்புகிறார்கள். இடைக்கால யாத்ரீகரும் அப்படித்தான் திரும்பினார்.

அறிஞர் மட்டத்தில் தமிழ் இடைக்காலம் எப்போதோ உலகப் பொருளாகிவிட்டது. ஜப்பானியரான நொபொரு கராஷிமா தமிழ்க் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுதும் படித்தார். எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் அவரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்தது 1978-ல் வெளிவந்தது. ஆனால் இந்த ஒத்துழைப்பு பள்ளிக்கூட வாசற்படி வரை இறங்கி வரவில்லை.

திண்டுக்கல்லின் பள்ளிகளுக்கு வெளிநாட்டுத் தொடர்பு புதிதன்று. பிரெஞ்சு சேசு சபையார் மறுபடி மதுரை மறைப்பணிக்கு வந்தது 1830-களின் பிற்பாதியில். புனித மரியன்னை பள்ளி 1850-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்க மிஷனும் அதே 1830-களில் இங்கு வந்து பள்ளி நடத்தியது. மலைமேல் கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, இன்று உலக நாடுகளின் பிள்ளைகள் படிக்கும் பன்னாட்டுப் பள்ளி. அதே மாவட்டத்தின் சமவெளியில் உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வெளிநாட்டு மாணவர் ஒருவரோடு பத்து நிமிடம் பேசும் வாய்ப்புக்கூட அரிது. இந்த ஏற்றத்தாழ்வு என்னை உறுத்துகிறது.

பழைய தொடர்பு ஒரே திசையில்தான் ஓடியது. 18-ம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணியிலிருந்து சேசு சபையார் எழுதிய மடல்கள் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சாயின. அங்கே படித்தவர்கள் நம் சடங்குகளையும் சாதிகளையும் பற்றி அறிந்துகொண்டார்கள். நான் அறிந்தவரை, அவர்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி இங்கிருந்து ஒருவரும் போய் எழுதி அனுப்பவில்லை. இன்றைய கூட்டுறவு இதைத் திருத்த வேண்டும். தவசிமடைப் பிள்ளைக்கு ஸ்பெயின் ஊரின் நெருப்பு விழாவைத் துருவிக் கேட்கும் உரிமை இருக்கிறது. அவர்கள் நம்மைப் பார்த்து, எங்கள் இடைக்காலம் உங்களிடம் இன்னும் அப்படியே இருக்கிறதே என்று வியந்தால், நம் மாணவர் மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எதுவும் அப்படியே இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. இன்று மாடும் வீரரும் இணையத்தில் பதிவு செய்கிறார்கள், கால்நடை மருத்துவர் சோதிக்கிறார், தேங்காய் நார் பரப்பிய களத்தில் விளையாட்டு நடக்கிறது. கட்டலோனியாவிலும் காளைப்போருக்கு 2010-ல் தடை நிறைவேறி, 2016-ல் நீதிமன்றம் அதை நீக்கியது. இரு பக்கத்து மாணவரும் விலங்கு வதை பற்றி ஒருவரையொருவர் நேருக்கு நேர் கேட்க நல்ல களம் இது.

செய்முறைக்குப் பெரிய செலவு தேவையில்லை. குளிர்காலத்தில் இத்தாலியில் காலை 10 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. பள்ளி நேரத்துக்குள்ளேயே இரு வகுப்பும் சந்திக்கலாம். கூட்டாளியாக இங்கிலாந்துப் பள்ளியைத் தேடுவதைவிட இத்தாலி, ஸ்பெயின், போலந்துப் பள்ளிகளைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து. அங்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். தட்டுத் தடுமாறிப் பேசும் இரு பிள்ளைகளுக்குள் மேல் கீழ் வராது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்து மாணவர்கள் கல்வெட்டு படிக்கவும் பழங்காசுகளை அடையாளம் காணவும் கற்றிருக்கிறார்கள். அரசுப் பள்ளியால் முடியும் என்பதற்கு அது போதிய சான்று. 2024-ல் கனவு ஆசிரியர் விருது பெற்ற ஆசிரியர்களை அரசு பிரான்சுக்கு அனுப்பியது. அப்படிப் போகிறவர்கள் கொல்மாரில் ஒரு நாள் செலவிட்டால், அந்த ஓவியத்தின் பெரிய படம் ஒன்று நம் வகுப்பறைச் சுவருக்கு வந்துவிடும்.

கடினமான பாடத்தையும் தவிர்க்கக் கூடாது. செபஸ்தியாரிடம் மக்கள் வேண்டிய அதே காலத்தில், 1349-ல், கொள்ளைநோய்க்குக் காரணம் என்று பழி சுமத்தி ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து யூதர்களை உயிரோடு எரித்தார்கள். இன்று பல ஐரோப்பியப் பள்ளிகள் இதை மறைக்காமல் கற்பிக்கின்றன. நம் பக்கம் சாதி இருக்கிறது. எந்தத் தெருவழியே சப்பரம் போகும், கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யார் கல்லறை எங்கே என்பதெல்லாம் இந்து ஊரிலும் கிறிஸ்தவ ஊரிலும் இடைக்காலம் விட்டுப்போன கணக்குகள். அவர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கைப் பேசும்போது நாம் அசனத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது நேர்மையாகாது. முதல் ஆண்டு திருவிழா, இரண்டாம் ஆண்டு இந்தக் கேள்விகள் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை வளர்ந்த பின்தான் பிள்ளைகள் இதைப் பேசுவார்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சேகரித்தவை எங்கே போகும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். 18-ம் நூற்றாண்டு மடல்கள் பாரிசுக்குப் போய்விட்டன.  இந்த முறை மாணவர் எழுதும் பாட்டியின் சொல்லும், உபதேசியாரின் பாஸ்கா மெட்டும், மாடு வளர்ப்பவரின் கணக்கும் தமிழில் இருக்கட்டும். அவற்றின் ஒரு பிரதி பள்ளிக்கும், ஒன்று ஊர் நூலகத்துக்கும், ஒன்று காந்திகிராமப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் போகட்டும். ஆங்கிலச் சுருக்கம் அயல்நாட்டுப் பள்ளிக்குப் போகலாம். அவர்கள் அனுப்பும் ஸ்பெயின் ஊரின் நெருப்பு விழாக் குறிப்புகள் தமிழாக்கப்பட்டு, அடுத்த ஜனவரி 17-க்குள் அதே ஊர் நூலக அலமாரியில் இருக்க வேண்டும்.